எண்ணெய் வேண்டாத புஷ்ஷும் எண்ணெய்க்கார முனியப்பாவும்

புஷ் விற்கிறவனுடைய தலைவிதி ஒன்றே ஒன்றுதான்: சாமான் ஒழுங்காக உழைக்கிறவரை அவன் பெயரைக்கூட எவனும் கேட்க மாட்டான், மெஷின் நின்ற அன்றைக்கு அவன் குடியிருக்கிற தெருவரை ஆள் வந்துவிடும்.

புஷ் என்றால் பெரிய விஷயமில்லை. சுழலுகிற இரும்புத் தண்டு எந்த ஓட்டைக்குள் உட்கார்ந்து சுழலுகிறதோ, அந்த ஓட்டைக்குள் செருகுகிற வளையம். அது இல்லாவிட்டால் இரும்பும் இரும்பும் உரசி இரண்டும் நாசமாகும். முன்பெல்லாம் வெண்கலத்தில் கடைந்து போட்டு, வேளாவேளைக்கு எண்ணெய் விடுவார்கள். எண்பதுகளின் நடுவில் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை அதையே நைலானில் கடைய ஆரம்பித்தது. வெள்ளை வெளேரென்று இருக்கும், தானாகவே வழுக்கும், எண்ணெய் வேண்டாம். அதைத் தோல்பையில் போட்டுக்கொண்டு ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே மொபெட்டில் அலைந்த விற்பனைப் பிரதிநிதி அடியேன். சாமான் விற்று வயிறு கழுவியவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களாவது சிரித்துக்கொண்டே படியுங்கள். எனக்கு எழுதும்போதே முகம் சுடுகிறது.

கடித்துப் பார்த்த ஃபோர்மேன்

மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு ஸ்பிரிங் கம்பெனி. அங்கே இருந்த ஃபோர்மேன் என் புஷ்ஷைக் கையில் வாங்கினார், நகத்தால் கீறினார், அப்புறம் கடைவாய்ப் பல்லில் வைத்து ஒரு கடி கடித்தார். பல் பதிந்தது. அவ்வளவுதான், பக்கத்தில் இருந்த நாலு பேரைக் கூப்பிட்டு, "வாங்கய்யா, இதைப் பாருங்க" என்று பிரசாதம் மாதிரி ஆளுக்கொரு கை கொடுத்தார். ஒருத்தன் மோந்தே பார்த்துவிட்டான்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மெத்தென்று இருப்பதுதான் சார் இதோட பலமே, தண்டைத் தேய்க்காது, தானும் சீக்கிரம் தேயாது என்று ஆரம்பித்து, எங்கள் முதலாளி சொல்லிக் கொடுத்த பிரசங்கம் முழுவதையும் ஒப்பித்தேன். போதாததற்கு அங்கே கிடந்த சுத்தியலை எடுத்து, "பாருங்க, உடையாது" என்று ஓங்கி ஒரு போடு போட்டேன். உடையவில்லைதான். எகிறிப் போய் ஃபோர்மேனுடைய டீ கிளாஸில் விழுந்தது. சட்டையெல்லாம் டீயாக நின்ற அந்த மனுஷன் கோபப்படாமல், நிதானமாக விரலை விட்டு அதை வெளியே எடுத்து என் கையில் வைத்தார்.

"தம்பி, நல்லாத்தான் குதிக்குது. எம் பையன் வெளையாட ஒண்ணு குடுத்துட்டுப் போ, கம்பெனிக்கு வேணாம்."

தளி ஜெயம்மா மில்

தளியில் ஜெயம்மா என்று ஒரு அம்மாள் ராகி அரைக்கிற மில் நடத்திக்கொண்டிருந்தார். வீட்டில் தெலுங்கு, வாடிக்கைக்காரர்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ். மூன்றிலும் ஒரே வேகத்தில் திட்டுவார். அவருக்கு ஒரு தொல்லை இருந்தது. தண்டுக்கு விடுகிற எண்ணெய் சொட்டுச் சொட்டாக மாவில் விழுந்துகொண்டிருந்தது. நான் போன நேரம் நல்ல நேரம் என்று நினைத்தேன். எண்ணெயே வேண்டாத புஷ் அம்மா, மாவு மல்லிகைப்பூ மாதிரி இருக்கும் என்று சொல்லி, நானே நின்று மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தண்டு எவ்வளவு வேகத்தில் சுற்றும், எவ்வளவு சூடாகும் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் ஆர்டர் கைநழுவிவிடுமோ என்று பயம். நைலான் சூட்டை வெளியே விடாது. மூன்றாம் நாள் புஷ் இளகி, மாவு முழுக்கப் பிளாஸ்டிக் கருகிய வாசம். சந்தை நாள் வேறு. அந்த மாவை வாங்கிப் போன அத்தனை வீட்டிலும் களி கிண்டிவிட்டார்கள். பஸ் கண்டக்டரிடம் சொல்லி என்னை வரவழைத்தார் ஜெயம்மா. மில் வாசலில் பத்துப் பெண்கள் காலி முறத்தோடு நின்றிருந்தார்கள். நான் மொபெட்டை நிறுத்துவதா திருப்புவதா என்று யோசித்துக்கொண்டே நிறுத்தினேன்.

அன்றைக்கு வந்துதான் எங்கள் கம்பெனி கொடுத்த விவரப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தேன். ரொம்ப வேகம் கூடாது, ரொம்பச் சூடு கூடாது, தண்ணீர் படுகிற இடமானால் நைலான் நாளாக ஆக ஈரம் குடித்து உப்பும், அதனால் உள்ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகக் கடைய வேண்டும் என்று எல்லாம் பொடி எழுத்தில் தெளிவாகவே போட்டிருந்தது. நான் படித்துவிட்டேன் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னைத் திட்ட உதவும். ஜெயம்மா அன்றைக்குச் சொன்னது இது:

"ஊரு முச்சூடும் உங்க புஷ்ஷைத் தின்னாச்சு சார். உங்களுக்கும் ரெண்டு உருண்டை எடுத்து வெச்சிருக்கேன், உக்காந்து தின்னுட்டுப் போங்க."

தின்றேன். வேறென்ன செய்ய?

கச்சிதம்

கிருஷ்ணகிரி போகிற ரோட்டில் ஒரு கிரானைட் பாலிஷ் ஆலை இருந்தது. கல் பலகையைத் தாங்கி நகர்த்துகிற உருளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு உருளைக்கும் இரண்டு பக்கமும் புஷ். மேலே நாள் பூராவும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும், கல் தூள் கலந்த சகதி எங்கே பார்த்தாலும். வெண்கல புஷ் ஒரு மாதம்கூடத் தாங்காமல் தேய்ந்தது. மேனேஜர் வரதன், மதுரைக்காரர். அவரிடம் மாதிரிக்கு ஒரு புஷ் கொடுத்தேன். இந்தத் தடவை யோக்கியமாக, ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகவே கடைந்து கொண்டுபோயிருந்தேன்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புஷ்ஷை யாரும் அளந்து பார்க்க மாட்டார்கள். தண்டை உள்ளே விட்டு ஆட்டிப் பார்ப்பார்கள். துளி ஆடினாலும், "என்னய்யா லூசா இருக்கு" என்பார்கள். வரதனும் ஆட்டினார், அதையேதான் சொன்னார். தண்ணீரில் ஊறினால் சரியாகிவிடும் சார் என்று விளக்கியிருக்க வேண்டும். ஊறுகிற சாமானா என்று முகம் சுளிப்பாரே என்று வாயை மூடிக்கொண்டேன். பட்டறைக்குப் போய் இறுக்கமாகக் கடைந்து மறுபடி கொண்டுபோனேன். ஆட்டினார், ஆடவில்லை. "இப்பத்தான்யா கச்சிதமா இருக்கு" என்று மொத்த உருளைக்கும் ஆர்டர் கொடுத்தார்.

பேனாவைத் திறந்துகொண்டே, "ஆமா, இதுனால எனக்கு என்ன லாபம்?" என்றார். "எண்ணெய் போட தனியா ஒரு ஆள் வேண்டாம் சார்" என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பினால், எனக்கு ஒரு கை தூரத்தில் அந்த ஆள் நிற்கிறார். முனியப்பா. என் வயசுதான் இருக்கும். தளிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர். கையில் நீள மூக்கு எண்ணெய் டப்பா. ஸ்க்ரூ டிரைவர் முனையை ஓடுகிற தண்டுக்குப் பக்கத்தில் அழுத்தி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டே எந்த புஷ் வறண்டு கிடக்கிறது என்று சொல்லிவிடுவாராம். நான் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. எனக்கு அந்த நிமிஷமே அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. அவரோ டப்பாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, சாப்பாடு ஆச்சா என்று பாதி கன்னடத்தில் என்னிடம் கேட்டார்.

"ஊட்டா ஆயித்தா சார்? இல்லேன்னா கேன்டீன்ல சாப்ட்டுட்டுப் போங்க, வெயில்ல வந்திருக்கீங்க."

ஆயுத பூஜைக்கு மறுநாள் வேலை

புஷ் மாட்டினதும் முனியப்பாவின் டப்பாவை ஸ்டோரில் வாங்கி வைத்துவிட்டு, அவரைச் சகதி அள்ளப் போட்டார்கள். ஏழெட்டு வாரம் உருளை எல்லாம் சத்தமே இல்லாமல் ஓடியது. வரதன் என்னைப் பார்த்தால் சேர் இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். நானும் கால்மேல் கால் போட்டு உட்காருவேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு எல்லா ஆலையிலும் செய்கிற மாதிரிதான் அங்கேயும். மெஷினைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ சாத்தி, பூசணிக்காய் உடைத்தார்கள். முனியப்பா ஸ்டோரில் கேட்டு டப்பாவை வாங்கி, ஒவ்வொரு உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் வைத்துக் கும்பிட்டிருக்கிறார். வருஷா வருஷம் செய்கிறதுதான், அதுதான் அவருக்கு பூஜை. லீவு முடிந்து ஸ்விட்சைப் போட்டால் ஒரு உருளைகூட நகரவில்லை. தண்டை இறுக்கிக் கவ்விக்கொண்டிருந்தது புஷ். ஷிப்டு முழுவதையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாளும் அதே கதை. தீபாவளி நெருங்குகிற நேரத்தில் இரண்டு நாள் வேலை போனால் எந்தத் தொழிலாளிக்கு வயிறு எரியாது?

நான் போய்ப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. இத்தனை வாரத் தண்ணீரைக் குடித்து, லீவில் ஓட்டமும் நின்றதில், ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கவ்வியிருந்தது என் புஷ். நான் கச்சிதமாகக் கடைந்து கொடுத்த புஷ். வரதனும், அவர் பின்னால் நாற்பது பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கண்ணில் அந்தக் குங்குமமும் பக்கத்தில் மினுங்கிய எண்ணெய்த் துளியும் பட்டன. அடுத்த நொடி நான் சொன்னேன்: "யாரோ எண்ணெய் விட்டிருக்காங்க சார். நைலானுக்கு எண்ணெய் ஆகாது." பச்சைப் பொய். அந்த எண்ணெய் அதை ஒன்றும் செய்யாது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முனியப்பா முன்னால் வந்தார், "நான்தான் சார் வெச்சேன்" என்றார். வரதன் அங்கேயே கணக்கை முடித்து அனுப்பச் சொல்லிவிட்டார். கூட்டத்தில் ஒருத்தன், "எங்க வயித்துல அடிச்சிட்டியேடா" என்று கத்தினான். முனியப்பா அவனைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"ஆவாதுன்னு தெரியாம வெச்சிட்டேன் சார். உங்க சாமான் பேரு கெட்டுச்சு, மனசுல வெச்சுக்காதீங்க."

பட்டறையில் ஒரு கேள்வி

அன்றைக்கு மத்தியானமே பட்டறைக்கு ஓடினேன். எல்லாவற்றையும் புதிதாகக் கடைந்து மறுநாள் கொடுத்தாக வேண்டும். லேத்தில் நின்றவர் செல்வராஜ், தர்மபுரிக்காரர், கையில் வேலையும் வாயில் குத்தலும் ஓயாத மனுஷன். உள்ஓட்டையை முடி கனம் பெரிதாகக் கடையுங்கள் என்று ரகசியமாகச் சொன்னேன். அவர் லேத்தை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆலையில் நடந்தது அதற்குள் அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. தொழிற்பேட்டையில் சங்கு ஊதுவதற்கு முன்னால் சேதி போய்விடும்.

"எண்ணெய் பட்டுக் கெட்டுச்சுன்னு அங்க சொல்லிட்டு, இங்க வந்து அளவை மாத்தச் சொல்றியே, உனக்கே இது நல்லாருக்கா?"

எண்ணெய் டப்பாவைத் தொடாத கை

புதுப் புஷ் ஜோராக ஓடியது. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை. வரதன் மறுபடி சேர் போட்டார், என்னால் அதில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே பேசிவிட்டு வருவேன். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி வயிற்றுக்கு என்னவோ என்று கஷாயம் வைத்துக் கொடுத்தாள், அதையும் குடித்துத் தொலைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, நைலானைக் கழற்றிவிட்டு நானே திரும்ப மாட்டிக் கொடுத்திருந்த பழைய வெண்கல புஷ் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஜெயம்மா மில்லுக்குப் போனேன். அங்கே ராகி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார் முனியப்பா. தலையெல்லாம் மாவு. என்னைப் பார்த்ததும் மூட்டையை இறக்கிவிட்டு, "வாங்க சார், நல்லாருக்கீங்களா" என்றார். ஜெயம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நல்ல ஆளு சார். ஆனா இன்ஜினுக்கு எண்ணெய் விடுன்னா கையப் பின்னாடி கட்டிக்கறான். என் கை பட்டா மெஷின் நின்னுடும்மா, வேற ஆளை விடச் சொல்லுங்கன்றான். கம்பெனிக்காரங்க பஸ்ஸுல பாத்தா, எங்க வேலையக் கெடுத்தவன்னு இவன் பக்கத்துல உக்காரக்கூட மாட்டேன்றாங்களாம்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வேலை போனதோடு விட்டிருந்தால்கூட வேறு வேலை பார்த்துக்கொள்வார் என்று மனசைத் தேற்றியிருப்பேன், நான் அப்படிப்பட்டவன்தான். ஆனால் காதில் கேட்டே மெஷினுக்கு வைத்தியம் பார்த்த மனுஷனை, தன் கையையே நம்பாதபடி ஆக்கிவிட்டேனே! மூட்டைகளுக்கு நடுவே நின்று முனியப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஓட்டை அளவு, தண்ணீர், நான் படித்த பொடி எழுத்து, எண்ணெயின் மேல் பழி போட்டது, எல்லாம். அவர் கைகளை முன்னால் நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். என்னை ஒரு அறை அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். அவர் மாவைத் தட்டிவிட்டுப் பேசினார்.

"எங்கிட்ட சொன்னா ஆச்சா சார்? நாளைக்கு ரெண்டு மணி ஷிப்டு மாறும்போது கம்பெனி கேட்டாண்ட வருவேன். அங்க வந்து சொல்லுங்க."

ரெண்டு மணி ஷிப்டு

போகாமல் இருக்க எத்தனை வழி உண்டோ அத்தனையும் யோசித்தேன். மொபெட் ரிப்பேர், காய்ச்சல், பெங்களூரில் அவசர வேலை. போனேன். முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டார் என்று அவரிடம் சொல்லவே இல்லை. பாருங்கள், யோக்கியமான காரியத்தையும் திருட்டுத்தனமாகத்தான் செய்யத் தெரிந்தது எனக்கு.

சங்கு ஊதியது. உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் கேட்டுக்கு முன்னால் ஒன்றாகச் சேர்ந்தார்கள். முனியப்பா துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் இரண்டு மூன்று பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாடி ஜன்னலில் வரதன் தெரிந்தார். முனியப்பா கையைத் தூக்கி, "ஒரு நிமிஷம் நில்லுங்கப்பா, புஷ் சார் ஏதோ சொல்லணுமாம்" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு, "அளவுல ஒரு சின்ன மிஸ்டேக் ஆயிடுச்சு, அதுல எங்க பக்கமும் கொஞ்சம்..." என்று சட்டைப் பொத்தானிடம் பேசுகிற மாதிரி முணுமுணுத்தேன். அப்படியே முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்து முனியப்பாவின் குரல் வந்தது. கோபம் இல்லை, கேலி இல்லை. என்னைச் சாப்பிடச் சொன்னாரே, அதே மரியாதை.

"சத்தமா சொல்லுங்க சார். பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."

சொன்னேன். சத்தமாக, 'சின்ன' என்பதையும் 'கொஞ்சம்' என்பதையும் எடுத்துவிட்டு, தப்பு பூராவும் என்னுடையது, இவர் வைத்த எண்ணெயால் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். கடைசி வரிசையில் ஒருத்தர் கன்னடத்தில் கேட்டார், அவருக்காக முனியப்பா மொழிபெயர்த்தார், என் தப்பை ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல் குறைக்காமல். அன்றைக்கு வயிற்றில் அடித்தாய் என்று கத்தியவர் முனியப்பாவின் தோளில் கை போட்டு டீக்கடைக்கு அழைத்துப் போனார். என்னை யாரும் கூப்பிடவில்லை. வரதன் எங்கள் ஆர்டரை நிறுத்தினார். முதலாளி என்னை வாய்க்கு வந்தபடி வைதார், ஆனாலும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. முனியப்பாவை ஆலையில் திரும்பக் கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை. மூக்கண்டப்பள்ளியில், இன்னும் வெண்கல புஷ் போட்டு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பெனியில் எண்ணெய்க்காரராகச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அந்தக் கம்பெனிக்கு நல்ல லாபம் தரக்கூடிய சாமான் என் பையில் எப்போதும் இருந்தது. அந்த கேட்டை மொபெட்டை நிறுத்தாமல் தாண்டிப் போனதுதான், இத்தனை வருஷ விற்பனையில் நான் மானத்தோடு செய்த ஒரே வியாபாரம்.